ஒன்பது வரிசைத் தொப்பி

எங்கள் நான்கு பேருக்கும் பின்னத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2022 நவம்பரில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு நத்தார் பரிசுகளைக் கையாலேயே பின்னிக் கொடுப்போம் என்று முடிவெடுத்தபோது எங்களிடம் இருந்தது வெறும் துணிச்சல்தான். அதுவும் ஆசையால் வந்த துணிச்சல் இல்லை. காசு இல்லாததால் வந்தது.

அந்த வருசத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ரூபாய்க்குப் போன வருசம். தாள் இல்லை என்று மேல் மாகாணத்தில் பரீட்சையையே தள்ளிவைத்த வருசம். அதற்கு முந்தைய நத்தாருக்கு ஆளுக்கொரு கொப்பியும் கலர் பென்சில் பெட்டியும் வாங்கிக் கொடுத்திருந்தோம். இந்த முறை டவுனில் விலை கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் பஸ் ஏறித் திரும்பி வந்தோம்.

வகுப்பு நடப்பது தோட்டத்து வாசிகசாலையில். வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள். ஆனாலும் டிசம்பர் வந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நத்தார் தாத்தாதான். தீபாவளிக்கு எல்லார் வீட்டுப் பலகாரமும் எல்லார் வீட்டுக்கும் போவது மாதிரி இதுவும் ஒரு ஒழுங்கு. அதை நாங்கள் யாரும் உண்டாக்கவில்லை. நாங்கள் பிறக்கும்போதே அப்படித்தான் இருந்தது.

பின்னுகிற யோசனை தொங்கல் வீட்டு அம்மாயியிடம் இருந்து வந்தது. அவர் முப்பது வருசத்துக்கு மேல் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தவர். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்கும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே பின்னப் பழகினாராம். ஒரு கால் தொட்டிலை ஆட்டும், ரெண்டு கையும் ஊசியில் இருக்கும். இப்போது ஒரு கண்ணில் பார்வை மங்கல். ஆனால் பின்னுவதற்கு அவருக்குக் கண் தேவையில்லை. விரலாலேயே கண்ணிகளை எண்ணுகிறார். எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஒரு வரிசையை முடித்துவிடுவார்.

"கடையில வாங்குறதுக்குத்தான் காசு வேணும். இதுக்கு ராத்திரி போதும்" என்றார் அம்மாயி.

ராத்திரி நிறையவே இருந்தது. மின்வெட்டு நேரத்தில் வேறு என்னதான் செய்வது?

ஊசி வாங்கவில்லை. அம்மாயியிடம் இருந்த மூன்று சோடி போக, பழைய குடைக் கம்பிகளை அளவாக வெட்டி, நுனியைக் கருங்கல்லில் தீட்டிக் கொடுத்தார். மறுநுனியில் நூல் சுற்றிவிட்டால் கண்ணி வழுக்கி விழாது. சைக்கிள் கம்பியும் நல்லது, ஆனால் அது மெல்லியது, பின்னல் இறுகிவிடும் என்றார். எங்களில் ஒருவன் அதை நம்பாமல் சைக்கிள் கம்பியிலேயே பின்னி, கடைசியில் உள்ளங்கை அளவுக்கு அட்டை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தான். அது இப்போதும் வாசிகசாலை மேசையில் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் கிடக்கிறது.

நூலுக்காகத்தான் நிறைய அலைந்தோம். கடையில் புது உருண்டை வாங்க முடியாது. அதனால் பழைய சுவெட்டர்களைச் சேர்த்துப் பிரித்தோம். இதில் நாங்கள் கற்றதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கும் உதவும். முதலில் சுவெட்டரை உட்பக்கம் திருப்பி ஓரத் தையலைப் பார்க்க வேண்டும். துணி மாதிரி வெட்டி ஓவர்லொக் அடித்திருந்தால் அதைப் பிரிக்கக் கூடாது, துண்டு துண்டாகத்தான் வரும். ஓரம் வெட்டாமல் சேர்த்துத் தைத்திருந்தால், ஒரு நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க முழுச் சுவெட்டரும் ஒரே நூலாக ஓடி வந்துவிடும். அந்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அதைக் கதிரை முதுகில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, கழுவி, கீழே ஒரு பாரத்தைத் தொங்கவிட்டுக் காயவைத்தால் நேராகிவிடும். நாங்கள் சீனிப் போத்தலைத் தொங்கவிட்டோம். மழைக்காலத்தில் காய மூன்று நாள் எடுத்தது.

'வுல்' என்று நாங்கள் சொன்னதெல்லாம் கம்பளி இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நூல் நுனியைக் கொளுத்திப் பார்த்தால் புரியும். கம்பளி என்றால் முடி கருகிய வாசம் வரும், சாம்பல் தூளாக உதிரும். அக்ரிலிக் என்றால் உருகிக் கறுப்பு மணியாகக் கட்டிப்போகும். எங்களுக்குக் கிடைத்த ஒன்பது சுவெட்டரில் ஒன்றுதான் அசல் கம்பளி.

மலையகத்துக்கும் கம்பளிக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொழிலாளருக்கு அரிசியும் கம்பளியும் கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். மழையிலும் பனியிலும் கொழுந்தெடுத்தவர்கள் தலையிலிருந்து முதுகு வரைக்கும் போர்த்திக்கொண்டது அந்தக் கம்பளியைத்தான். எங்கள் பூட்டன் பூட்டிமாருக்குக் கிடைத்த கதகதப்புக்குக்கூடக் கடன் கணக்கு இருந்தது. அந்த ஒற்றைக் கம்பளிச் சுவெட்டரைப் பிரித்த இரவில் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

முதல் பத்து நாளும் எல்லாரும் தொப்பியில்தான் பழகினோம். எழுபது கண்ணி போட்டு ஆரம்பிக்கச் சொன்னார் அம்மாயி. எண்ணிக்கொண்டே போவோம், யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், கணக்கு தவறும். ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால் ஏணி மாதிரி கீழ்நோக்கி ஓடும். அதைப் பார்த்ததும் எங்களுக்குக் கை நடுங்கும். "விழுந்தா விழுந்துட்டுப் போவுது புள்ள. கண்ண மூடிக்கிட்டு மேல பின்னாத. நின்னு, எங்க விழுந்துச்சுன்னு பாத்து, அதத் தூக்கிட்டுப் போ" என்பார் அம்மாயி.

அப்போது எங்களோடு ஐந்தாவதாக ஒருத்தியும் இருந்தாள். எங்கள் வகுப்பிலேயே படித்து, அந்த வருசம் மே மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்தவள். எங்களை 'அக்கா', 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் பின்னுவதில் எங்கள் எல்லாரையும் முந்திவிட்டாள். நாங்கள் இரண்டாம் வரிசையில் அல்லாடிக்கொண்டிருந்தபோது அவளுடைய நீலத் தொப்பி ஐந்தாம் வரிசைக்கு வந்துவிட்டது. அம்மாயி அவள் கையை வாங்கிப் பார்த்து, "இது கை" என்றார். எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

நவம்பர் 25ஆந் திகதி பெறுபேறு வந்தது. அவளுக்குக் கணிதம் விழுந்துவிட்டது. அடுத்த இரண்டு நாளும் வாசிகசாலைக்கு வந்தாள், பேசாமல் இருந்து பின்னினாள். மூன்றாம் நாள் வரவில்லை. கொழும்பில் நத்தார் சீசனுக்குத் துணிக்கடைகளில் ஆள் எடுக்கிறார்கள், சொந்தக்காரர் ஒருவரோடு போய்விட்டாள் என்று பிறகு அறிந்தோம். குடைக் கம்பியில் அவளுடைய தொப்பி ஒன்பது வரிசையோடு நின்றது. அதை நூலோடு சுருட்டி ஒரு சீலைப் பைக்குள் போட்டு வைத்தோம். எங்களுக்கு வேலை நெருங்கிக்கொண்டிருந்தது.

டிசம்பர் முதல் கிழமை வகுப்பு வரவு இடாப்பை எடுத்து வைத்துப் பட்டியல் போட்டோம். இருபத்திமூன்று பெயர். தொப்பி இருபத்திமூன்று பின்ன எங்களால் ஆகாது. ஆகவே சின்னச் சின்னச் சாமான்: விரலில் மாட்டும் பொம்மை, பென்சில் உறை, மணிக்கட்டுப் பட்டி, பந்து. விரல் பொம்மைக்குப் பதினாலு கண்ணி, இருபது வரிசை போதும். பக்கத்தைச் சேர்த்துத் தைத்து, மேல் கண்ணிகளுக்குள் நூலைக் கோத்து இறுக்கினால் தலை வந்துவிடும். காது வைத்தால் முயல், மீசை வைத்தால் பூனை. எங்கள் முயல்கள் எல்லாம் ஆடு மாதிரி இருந்தன. கடைசியில் அவற்றை ஆடு என்றே சொல்லிவிட்டோம்.

ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் வரும் பின்னலுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டொக்கிங் ஸ்டிச்' என்று பெயர். மேசு பின்னுகிற பின்னல். அது ஓரத்தில் சுருண்டுகொள்ளும் குணம் உள்ளது. என்ன இழுத்தாலும் நேரே நிற்காது. பை மாதிரித் தைத்துவிட்டால்தான் அடங்கும்.

நத்தாருக்கு மேசு தொங்கவிடுகிற வழக்கத்துக்குச் சொல்லப்படும் கதை எங்களுக்கு ரொம்பவே பழக்கமான கதையாக இருந்தது. இன்றைய துருக்கி நாட்டில் உள்ள மைரா என்ற ஊரில் நாலாம் நூற்றாண்டில் நிக்கலஸ் என்றொரு ஆயர் இருந்தார். அந்த ஊரில் ஒரு ஏழைத் தகப்பனுக்கு மூன்று குமர்ப் பிள்ளைகள். சீதனம் கொடுக்க வழியில்லை. நிக்கலஸ் இரவில் யாருக்கும் தெரியாமல் அந்த வீட்டுக்குள் பொன்னைப் போட்டுவிட்டுப் போனாராம். அது அடுப்படியில் காய்ந்துகொண்டிருந்த மேசுக்குள் விழுந்ததாம். மேசு நுனியில் தோடம்பழம் வைக்கிறதும் அந்தப் பொன் உருண்டையின் ஞாபகத்துக்குத்தான் என்பார்கள். புகைபோக்கிக்குப் பக்கத்தில் மேசு தொங்குகிற காட்சியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1823இல் அமெரிக்காவில் அச்சான ஒரு கவிதை.

எங்கள் பக்கத்தில் குளிர்காய அடுப்பும் புகைபோக்கியும் இருந்தது துரை பங்களாவில்தான். லயத்தில் புகை போகிற இடத்துக்குப் பெயர் கண். இந்தப் பகிடியைச் சொன்னது எங்களில் யாருமில்லை, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். பிறகு அவனே கேட்டான்: "அப்ப நம்ம மேச எங்க தொங்கப் போடுறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. எங்களில் ஒருத்தி பேஸ்புக்கில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, பரிசுப் பொருட்கள் விற்கிற ஒருவர் பேசினார். விரல் பொம்மை நூற்றைம்பது வேண்டும், ஒன்று நூற்றைம்பது ரூபாய், இருபதாந் திகதிக்குள் தர வேண்டும். மொத்தம் 22,500 ரூபாய். அன்றிரவு நாங்கள் பின்னவில்லை. கணக்குத்தான் போட்டோம்.

ஒரு பொம்மைக்கு எங்கள் வேகத்தில் இரண்டரை மணித்தியாலம். நூற்றைம்பதுக்கு 375 மணித்தியாலம். எட்டு மணித்தியாலத்தை ஒரு பேர் என்று வைத்தால் கிட்டத்தட்ட நாற்பத்தேழு பேர். விற்பதற்கென்றால் புது நூல் வேண்டும், ஒன்றுக்கு 60 ரூபாய்ப்படி 9,000. மிஞ்சுவது 13,500. ஒரு பேருக்கு 290 ரூபாய்கூட வராது. அந்த நேரம் தோட்டத்துச் சம்பளம் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்துக்கே எத்தனை வருசப் போராட்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர் போடுகிறார்கள் என்று தோட்டத்தைத் திட்டுகிற நாங்கள், எங்களுக்கு நாங்களே கால் பேர் போட்டுக்கொள்ளப் பார்த்தோம்.

ஆனாலும் ஆசை விடவில்லை. எங்களில் இருவர் செய்வோம் என்றார்கள். காசு வந்தால் பிள்ளைகளுக்குச் சப்பாத்தே வாங்கலாமே என்றார்கள். இருவர் வேண்டாம் என்றார்கள். சண்டை மாதிரி ஆகிவிட்டது. அம்மாயியிடம் போய் நின்றோம்.

"விக்கிறதுன்னா விக்கிற வெலைக்கு வில்லுங்க. குடுக்கிறதுன்னா கணக்குப் பாக்காதீங்க. ரெண்டையும் ஒரு கூடையில போட்டா ரெண்டும் கெட்டுப்போகும்."

நாங்கள் ஒன்றுக்கு நானூறு ரூபாய் கேட்டோம். அவர் மரியாதையாகச் சிரித்துவிட்டுப் பிறகு பேசுகிறேன் என்றார். பேசவில்லை. கைவேலை என்றால் அது பாசத்தில் செய்கிறது, பாசத்துக்கு விலை கேட்கலாமா என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாசத்துக்கு விலை இல்லைதான். நேரத்துக்கு இருக்கிறது. இதை எழுதுவதற்கு ஒரு காரணம் அதுவும்தான்.

இருபத்திநாலாந் திகதி மாலை. வாசிகசாலை இஸ்தோப்பில் இந்தப் பக்கத் தூணுக்கும் அந்தப் பக்கத் தூணுக்கும் கயிறு கட்டினோம். மேசு கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தோம். அவர்களிடம் இருந்தது பள்ளிக்கூடத்து வெள்ளை மேசுதான். சிலரிடம் ஒரே ஒரு சோடி. தாய்மார் கழுவி, காயாமல், அடுப்புக்கு மேல் பிடித்துக் காயவைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். விறகுப் புகை வாசம். நீலம் போட்டதில் சில லேசாக நீலமாகவே இருந்தன. குதியில் ஓட்டை விழுந்த மேசுகளை அம்மாயி முதலில் வாங்கி, ஒவ்வொன்றாகத் தைத்துவிட்டுத்தான் கயிற்றில் போடவிட்டார். இல்லையென்றால் பரிசு கீழே விழுந்துவிடும் அல்லவா? அந்த இரவில் எங்கள் பொம்மைகளைவிட அந்தத் தையல்தான் பெரிய பரிசு என்று இப்போது நினைக்கிறோம். ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது பிள்ளைகள் அந்தத் தையலோடுதான் போனார்கள்.

இருபத்திமூன்று மேசு. ஒவ்வொன்றின் நுனியிலும் அரைத் தோடம்பழம். முழுசுக்குக் காசு போதவில்லை. அதற்கு மேல் ஒரு டொபி, அதற்கு மேல் பின்னியது. அடுத்த நாள் காலை பிள்ளைகள் ஓடிவந்து கயிற்றை மொய்த்தார்கள். ஆடு கிடைத்தவன் அதை யானை என்றான். பென்சில் உறை கிடைத்தவள் அதைத் தன் நாய்க்குட்டிக்குத் தொப்பியாகப் போட்டுவிட்டாள். எல்லாம் சரியாக நடந்தது என்ற நிம்மதியில் நாங்கள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அவளைக் கண்டோம். இரவு முழுக்கப் பயணம் செய்து காலையில்தான் வந்திருக்கிறாள். புதுச் சட்டை, கையில் தங்கச்சிக்கு வாங்கிய பை. இஸ்தோப்புத் தூணில் சாய்ந்து நின்று கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எங்களுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது, கயிற்றில் அவளுக்கு ஒன்றும் இல்லை.

"நான் இப்ப வகுப்புப் புள்ள இல்லதானே அக்கா" என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு வயது பதினாறு.

என்ன பதில் சொல்ல? பெயர்களை நாங்கள் இடாப்பைப் பார்த்துத்தான் எழுதினோம். வருகிறவர்களின் கணக்கு இடாப்பில் இருக்கும். நின்றுபோனவர்களின் கணக்கு எதில் இருக்கும்? ஒரு மாதத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் இருந்து பின்னியவளை நாங்கள் எப்படி நழுவவிட்டோம்? விழுந்த இடத்தில் நிற்கச் சொன்னார் அம்மாயி. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு மேலே பின்னிக்கொண்டு போயிருக்கிறோம்.

அவசரமாக ஏதாவது பின்னிக் கொடுக்கலாமா என்று யோசித்தோம். அன்றைக்கே முடிகிறதாக இருந்தால் பொம்மைதான். பதினாறு வயதுப் பிள்ளைக்கு, கடையில் பத்து மணித்தியாலம் நின்று வேலை செய்கிறவளுக்கு, விரல் பொம்மையா? அவளுடைய தொப்பியை நாங்கள் எடுத்து முடித்துக் கொடுக்கலாம் என்றான் எங்களில் ஒருவன். அம்மாயி விடவில்லை. "அவ கைக்கும் ஒங்க கைக்கும் இறுக்கம் வேற. பத்தாவது வரிசையில தெரிஞ்சிரும்."

இருபத்தேழாந் திகதி அவள் திரும்பிப் போனாள். நாங்கள் ஹட்டன் ஸ்டேசன் வரைக்கும் போனோம். ரயில் வருவதற்குக் கொஞ்சம் முன்பு அந்தச் சீலைப் பையைக் கொடுத்தோம். உள்ளே குடைக் கம்பியில் ஒன்பது வரிசை, மிச்ச நீல நூல், அதோடு அந்த அசல் கம்பளி உருண்டை முழுவதும். அதை நாங்கள் யாருக்கும் செலவழிக்க மனம் வராமல் வைத்திருந்தோம். அவள் திறந்து பார்த்தாள். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்ணிகளை எண்ணத் தொடங்கினாள். "எழுவதும் இருக்கு" என்றாள். ரயில் வந்துவிட்டது.

இது பரிசா, மன்னிப்பா என்று எங்களுக்கு இன்னும் தெளிவில்லை. முடிக்காத ஒன்றை யாராவது பரிசாகக் கொடுப்பார்களா? ஆனால் அந்த நத்தாரில் நாங்கள் கொடுத்ததில் ஒருவரை மட்டும் மனதில் வைத்துக் கொடுத்தது அது ஒன்றுதான். மற்ற இருபத்திமூன்றும் எண்ணிக்கைக்காகச் செய்தவை. எந்த மேசுக்குள் எதைப் போட்டோம் என்பதுகூட எங்களுக்கு ஞாபகம் இல்லை. நூற்றைம்பது கேட்ட வியாபாரியிடம் இருந்து நாங்கள் அவ்வளவு தூரத்தில் இருக்கவில்லை என்று பிறகுதான் உறைத்தது.

பெப்ரவரியில் அவளிடம் இருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. போர்டிங்கில் கூட இருக்கிற பிள்ளைகளும் பழக்கச் சொல்லிக் கேட்கிறார்களாம். தொப்பி எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டோம். "நாலு தடவ அவுத்துட்டேன் அக்கா. கொழும்புல எங்க குளிருது, அவசரமில்ல" என்றாள்.

அடுத்த வருசம் நாங்கள் இடாப்பைத் தொடவில்லை. நவம்பரிலேயே லயம் லயமாகப் போய் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டோம்: உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யார் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள்? பட்டியல் முப்பத்தொன்பதுக்குப் போனது. அவ்வளவு பேருக்கும் பின்ன எங்களால் முடியாது என்று தெரிந்தது. பதினெட்டுத்தான் முடிந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் தொடங்கும்போது அது யாருக்கு என்று தெரிந்துகொண்டுதான் முதல் கண்ணியைப் போட்டோம். மிச்சம் இருபத்தொரு பேருக்கும் கடிதம் எழுதினோம், அடுத்த முறை உங்களுக்கு என்று.

நீங்களும் இந்த மார்கழியில் ஏதாவது பின்ன நினைத்தால், பழைய குடை ஒன்றும் பிரிக்கக்கூடிய சுவெட்டர் ஒன்றும் போதும். பதினாலு கண்ணி, இருபது வரிசை. முயல் ஆடாக வந்தாலும் பரவாயில்லை. யாருக்கு என்பதை மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள்.